பினுவின் கண்கள்

மாதா துணை
பள்ளிவாசல்
9 ஜூன் 2024

அன்புள்ள தங்கை இன்பமேரிக்கு,

அண்ணன் மிக்கேல்ராஜ் எழுதுவது. நானும் புஷ்பமும் ரிஞ்சுவும் சுகமாக இருக்கிறோம். உன் இருமல் நின்றதா? இங்கே மழை பிடித்துக்கொண்டது. லயத்து வரிசைவீட்டுக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். லயத்தில் ரேஞ்ச் கிடையாது. ஜீப் ஸ்டாண்டில் நின்று பேசினால் அத்தனை டிரைவர்களும் கேட்பார்கள். எழுதுவதே நிம்மதி.

வண்டி ஓட்டம் பழையபடிதான். காலையும் மாலையும் நம் எஸ்டேட் பிள்ளைகள் பதினோரு பேரை மூணாறு பள்ளிக்கு ஏற்றி இறக்குகிறேன். நடுவில் மறையூர், காந்தலூர் என்று டூரிஸ்ட் ட்ரிப். நேற்று ஏறிய கோயம்புத்தூர்க்காரர், "உங்க தங்கச்சி என்ன பண்றாங்க?" என்றார். "கண்ணப் பத்தி ஆராய்ச்சி பண்ணுது சார்." "கண்ணுல என்னது?" எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

இன்னொன்று. என்னோடு ஸ்டாண்டில் ஓட்டும் பினுவை உனக்குத் தெரியுமே, அவனுக்குக் கொஞ்ச நாளாக வெளிச்சம் மங்கினால் கண் பிடிப்பதில்லையாம். மாத்திரை ஏதும் உண்டா என்று கேட்கச் சொன்னான். அவசரம் ஒன்றுமில்லை.

வேளைக்குச் சாப்பிடு.
உன் அண்ணன்,
மிக்கேல்ராஜ்

*

கஞ்சிக்கோடு, பாலக்காடு
17 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமல் போய்விட்டது. மதினியையும் ரிஞ்சுக்குட்டியையும் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்தில் கடிதம் வந்ததைப் பார்த்ததும் முதலில் பயந்துதான் போனேன்.

நான் செய்வது இதுதான். கண்ணின் உட்சுவரில் வெளிச்சத்தைப் பிடிக்கும் செல்கள் இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்துக்கு ஒரு வகை, அதற்குக் கோல் செல் என்று பெயர். பகலுக்கும் நிறத்துக்கும் கூம்பு செல் என்று இன்னொரு வகை. ஒவ்வொரு செல்லின் தோலிலும் மிக நுண்ணிய வாய்கள் உண்டு. உப்பில் இருக்கிறதே சோடியம், அது போன்றவை மின்னூட்டத்தோடு உள்ளே போவதும் வருவதும் அவற்றின் வழியாகத்தான். அயனிக் கால்வாய் என்போம். கோல் செல்லின் நுனியில், வெளிச்சம் பிடிக்கும் இடத்தில் ஒரு வகைக் கால்வாய். நடுவில் வேறு. அடியில், அடுத்த செல்லுக்குச் சேதி சொல்லும் இடத்தில் இன்னும் வேறு. நுனியில் இருப்பவை இருட்டில் திறந்திருக்கும், வெளிச்சம் பட்டால் மூடிக்கொள்ளும். அப்படி மூடுவதுதான் சேதி. எந்தக் கால்வாய் எந்த இடத்தில், எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று எலியின் கண்ணைச் சீவி, ஒளிரும் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன். ஆறு வருடமாக இதுவேதான்.

பினு அண்ணனுக்கு மாத்திரையை நான் சொல்லக் கூடாது. வைட்டமின் குறைவாக இருந்தால் எளிதில் சரியாகும். ஆனால் இரண்டு கேள்வி. எவ்வளவு நாளாக இப்படி? பக்கவாட்டில் இருப்பவை தெரிகின்றனவா? கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
இன்பா

*

மாதா துணை
பள்ளிவாசல்
5 ஜூலை 2024

அன்புள்ள இன்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ரிஞ்சுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்துக் காட்டிக்கொண்டே அலைகிறாள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இருட்டில் திறந்திருக்கும், வெளிச்சத்தில் மூடும் என்று எழுதியிருக்கிறாயே, கை தவறி எழுதிவிட்டாயோ? நான் தலைகீழாக நினைத்திருந்தேன்.

பினுவிடம் கேட்டேன். சின்ன வயதிலேயே கொஞ்சம் இருந்ததாம். பொழுது சாய்ந்து விளையாடினால் பந்து தெரியாதாம். ஹெட்லைட் போட்டால் ரோடு தெரிகிறது, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். இப்போது வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் வாசல்படியிலேயே நிற்கிறானாம், செருப்பைத் தேடுகிறவன் மாதிரி. இடதுபக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருக்கிறதாம். டீ கொடுக்க யாராவது பக்கத்திலிருந்து கை நீட்டினால் அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று திடுக்கிடுகிறானாம். நேர் எதிரே எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. பேப்பர் படிக்கிறான். வைட்டமின் மாத்திரையை மூன்று மாதம் விழுங்கியும் பார்த்துவிட்டான்.

ஒரு சந்தேகம். அந்தக் கால்வாய் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனால் என்ன ஆகும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன் அண்ணன்,
மிக்கேல்ராஜ்

*

கஞ்சிக்கோடு
13 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ரிஞ்சுவின் பொக்கைவாய்ப் படம் வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன்.

கை தவறவில்லை. இருட்டில் திறந்திருப்பதுதான் உண்மை.

பினு அண்ணன் விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் எழுதியது வைட்டமின் குறைவு போல இல்லை. கோல் செல்கள் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் செத்துக்கொண்டு வரும் நோய் ஒன்று உண்டு. பிறவியில் வருவது. காரணங்கள் பல. அதில் ஒன்றைத்தான் நாங்கள் பார்க்கிறோம். நுனியில் இருக்கும் கால்வாய் இரண்டு வகைப் பாகங்களால் ஆனது. அதில் ஒரு பாகம் பழுதாக உருவானால் கால்வாய் நுனிவரை போய்ச் சேர்வதில்லை. சேர வேண்டிய இடம் காலியாகக் கிடக்கும். அந்த செல் வெளிச்சத்துக்குப் பதில் சொல்லாது. நாள்பட நாள்பட அதுவும் அழியும். நீங்கள் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் அதுதான்.

அவர் உடனே விழித்திரை டாக்டரைப் பார்க்க வேண்டும். அதுவரை வண்டி தொடக் கூடாது. பகலிலும்தான். பக்கவாட்டில் தெரியவில்லை என்றால் ரோட்டோரம் நடப்பவர்கள் அவர் கண்ணுக்கு இல்லாதவர்கள். அவர் பிள்ளைகளை ஏற்றுகிறாரா? இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதில் உடனே வேண்டும்.

இன்பா

*

மாதா துணை
பள்ளிவாசல்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள இன்பாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஓணம் வருகிறது, ட்ரிப் அதிகம், மழையும் அதிகம். எல்லோரும் சுகம்.

பினு இப்போது பரவாயில்லை. சாயந்தர ஓட்டத்தை விட்டுவிட்டான். அவனைப் பற்றிக் கவலைப்படாதே.

ஒரு தமாஷ் சொல்கிறேன். போன வாரம் மறையூரிலிருந்து ஏறி வரும்போது பின்னால் இருந்த பெண்கள் கத்துகிறார்கள். "டிரைவரண்ணா, என்னமோ கருகுது, நாத்தம் தாங்கல!" எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அது தைல மரக் காடும்மா" என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு வளைவு ஏற்றிவிட்டேன். புகை காலுக்கடியில் வந்த பிறகுதான் தெரிந்தது, கிளட்ச் தட்டு தீய்ந்துவிட்டது. எல்லோரும் இறங்கி நடந்தார்கள். என் மூக்குதான் பிறவியிலேயே மந்தமாயிற்றே! ஸ்டாண்டில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரிஞ்சு படம் வரைந்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். ஆடு மாதிரி இருப்பது நீதான்.

உன் அண்ணன்,
மிக்கேல்ராஜ்

*

கஞ்சிக்கோடு
9 செப்டம்பர் 2024

அண்ணா,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்குக் கை வரவில்லை.

உங்கள் கடிதத்தைச் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். மூக்கு என்ற இடத்தில் நின்றுபோனேன். அம்மா சோறு வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனதும், நீங்கள் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியதும், சோறு கரியாகிப் புகை வந்தும் நீங்கள் எழுந்திருக்காததும் நினைவுக்கு வந்தன. அம்மா உங்களைத்தான் அடித்தாள்.

நான் எழுதினேனே ஒரு பாகம், அது கண்ணில் மட்டும் இருப்பதில்லை. மூக்கில் மணத்தை உணரும் செல்லிலும் அதே பாகம் உண்டு. அது பிறவியிலேயே பழுதானவர்களுக்குக் கண்ணும் மங்கும், மூக்கும் மந்தமாக இருக்கும். ஆறு வருடமாக இதையேதான் எலிகளிடம் தேடிக்கொண்டிருக்கிறேன். வருடா வருடம் மே மாதம் வந்து உங்கள் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றினேன்.

பினு இல்லை அண்ணா. நீங்கள்.

பதினோரு பிள்ளைகள். வண்டியை நிறுத்துங்கள். இன்றைக்கே. மற்றதைப் பிறகு பேசலாம்.

மூன்று நாளாகத் தூக்கமில்லை, சமைக்கவுமில்லை. வீட்டுக்கார அக்கா வந்து, "ஏனுங் அம்மிணி, சோறாக்கவே காணோமே? ஊட்டுல ஆருக்காச்சும் மேலுக்குச் சரியில்லீங்களா?" என்று கேட்கிறார். என்ன சொல்ல?

பதில் போடுங்கள்.
இன்பா

*

பள்ளிவாசல்
21 அக்டோபர் 2024

அன்புள்ள இன்பாவுக்கு,

மதினி புஷ்பமேரி எழுதிக்கொண்டது. உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை, பிழை இருந்தால் மன்னித்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் செப்டம்பர்க் கடிதத்தை நேற்றுத்தான் பார்த்தேன். ஜீப்பில் துடைக்கும் துணி போடும் பெட்டிக்குள், காகிதத்துக்கு அடியில் இருந்தது. அதற்குப் பிறகு நீ போட்ட மூன்றும் பிரிக்காமலே இருந்தன. அவர் வண்டியை நிறுத்தவில்லை. இன்றைக்கும் பிள்ளைகளோடுதான் போனார்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆகஸ்ட் மாதம் ஸ்கூல் விட்டு வரும்போது ஜீப் நம் பேச்சித்தாய் அக்காவை இடித்துவிட்டது. அவள் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ரோட்டோரம் நடந்து போனாள். இடது பக்கத்தில். கண்ணாடி பட்டுத் தேயிலைச் செடிக்குள் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. "மூடுபனி, தெரியல"ன்னு உன் அண்ணன் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். அவளே, "பனிக்குள்ள அவந்தான் என்ன பண்ணுவான், பாவம்"ன்னு சொல்லிவிட்டாள். அவள் மகள் யோகப்பிரியாவும் ஜீப்பில்தான் இருந்தாள்.

அன்றைக்குப் பனி இல்லை இன்பா. நான் மேலே பத்தாம் நம்பர் தேயிலைக் காட்டில் நின்றிருந்தேன். ரோடு முழுக்க எனக்குத் தெரிந்தது. இரண்டு மாதமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம்கூட. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் ஏன் என்று புரிகிறது.

நான் என்ன செய்ய?

புஷ்பமேரி

*

கஞ்சிக்கோடு
26 அக்டோபர் 2024

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சாவியை எடுத்து ஒளித்து வையுங்கள். சண்டை போட்டால் போடட்டும். நான் கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரியில் நவம்பர் 25-க்குப் பேசி வைத்திருக்கிறேன். மூன்று பேரும் வாருங்கள். ரிஞ்சுவையும் கூட்டி வாருங்கள், தனியாக விட வேண்டாம்.

ரிஞ்சுவுக்கு ஒரு விளையாட்டும் சொல்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டுக் காப்பித்தூள், ஏலக்காய், சோப்பு, மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாக மூக்குக்கு நேரே காட்டுங்கள். எத்தனை சரியாகச் சொன்னாள் என்று எழுதுங்கள். எங்கள் லேபில் குழந்தைகளைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு, அதற்குத்தான்.

இன்பா

*

பள்ளிவாசல்
5 நவம்பர் 2024

இன்பமேரிக்கு,

லேபில் கணக்கெடுப்பா? புஷ்பம் நம்பினாள். ஏலக்காயை எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளையைக் கூப்பிட்டாள். நான் தட்டிவிட்டேன். அவளுக்கு ஏன் என்று தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

உன் செப்டம்பர்க் கடிதம் வந்த அன்றே நான் அதைச் செய்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும். பைக்குள் இருப்பது மிட்டாயா, சோப்பா என்று மோந்து பார்த்துச் சொல்லச் சொல்லி, "அப்பாவுக்கு எப்பப் பாத்தாலும் இதே வெளாட்டு"ன்னு பிள்ளை அழுதுவிட்டாள். எல்லாம் சரியாகத்தான் சொல்கிறாள். ஆனால் ஒரு நாள் பொழுது சாயும்போது குழாயடியில் தடுக்கி விழுந்தாள். கல் தடுக்கியதா, கண் தெரியவில்லையா என்று யாரிடம் கேட்பேன்?

நம் அப்பாவும் அம்மாவும் சொந்தம். புஷ்பம் நம் மாமா மகள். எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது நீ எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்து அடங்கிவிட்டாய். எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு நீ ஏன் பேசவில்லை என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கண் முகாமில் ஒரு டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, "வண்டி ஓட்டுறீங்களா? நிறுத்திடுங்க"ன்னு சொன்னார். கேட்டுக்கொண்டு நேராக வண்டியில்தான் ஏறினேன். ஜீப்பை விட்டு இறங்கினால் இந்த மலையில் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று பினுவிடம் சாவியைக் கொடுத்தேன். அவனைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். "எனக்குக் கண்ணுக்கு ஒரு குழப்பமும் இல்ல மைக்கிளே. உன் கண்ணுக்கு என் பேரையா வச்ச?" என்று மட்டும் கேட்டான். இன்று காலை பிள்ளைகளை அவன்தான் கொண்டு போனான்.

25-ஆம் தேதி வருகிறோம். பஸ்ஸில்.

மிக்கேல்ராஜ்

*

கஞ்சிக்கோடு
18 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நவம்பரில் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. முதலில் ரிஞ்சு. அவளுக்கு அந்தப் பழுது அப்பா வழியில் ஒன்றுதான் வந்திருக்கிறது. நோய் வர அப்பா வழி, அம்மா வழி இரண்டும் பழுதாக வேண்டும். மதினியிடம் அது இல்லவே இல்லை. ரிஞ்சுவின் கண்ணும் மூக்கும் நன்றாக இருக்கின்றன. குழாயடியில் தடுக்கியது கல்தான்.

எனக்கும் ஒன்று இருக்கிறது. ரிஞ்சுவைப் போல. ஆறு வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் என் ரத்தத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கல்யாணத்தின்போது ஏன் பேசவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அன்று எனக்கு அம்மா அப்பாவை மீறிப் பேசும் தைரியம் இல்லை, அவ்வளவுதான். சமாதானம் சொல்ல விரும்பவில்லை.

அண்ணா, உங்களுக்கு நான் நினைத்ததேதான். இப்போதைக்கு மருந்து இல்லை. ஆராய்ச்சி விலங்குகளில் நடக்கிறது. எப்போது மனிதருக்கு வரும் என்று என்னால் சொல்ல முடியாது. நடுப்பார்வை பல வருடம் இருக்கும். ஓரம் இன்னும் சுருங்கும்.

அன்று ஆஸ்பத்திரி முடிந்து என் லேபுக்கு வந்தபோது திரையில் இரண்டு படம் காட்டினேன். ஒன்றில் கோல்களின் நுனியெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது. இன்னொன்றில் நுனி வெறும் கறுப்பு. "இதுல நான் எது?" என்று கேட்டீர்கள். நான் மிஷினை அணைத்துவிட்டேன். அதற்கும் மன்னித்துவிடுங்கள்.

பேச்சித்தாய் அக்காவிடம் சொல்லிவிட்டீர்களா?

இன்பா

*

மாதா துணை
பள்ளிவாசல்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள இன்பாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். ரிஞ்சுவின் சேதியைப் படித்துவிட்டுப் புஷ்பம் கோயிலுக்கு ஓடினாள். நான் வாசலில் உட்கார்ந்து அழுதேன். போன மாதத்திலிருந்து தேயிலை பேக்டரியில் சாக்குத் தைக்கும் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. கண்ணுக்கு நேரே செய்யும் வேலை, முடிகிறது. உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதுதான் முடியவில்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கால் தானாக எழுந்துகொள்கிறது.

நீ கடைசியில் கேட்டாயே, அதற்குத்தான் இத்தனை நாள் பதில் எழுதவில்லை. இரண்டு தடவை அவள் லயம் வரை போய்விட்டுத் திரும்பினேன். முந்தாநாள் வேலை விட்டு நேராகப் போனேன். பேச்சித்தாய் அக்கா முறம் வைத்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். யோகப்பிரியா உள்ளே படித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, அன்னைக்குப் பனி இல்ல"ன்னு சொன்னேன்.

அவள் நிமிரவில்லை. "எனக்குத் தெரியாதாக்கும்? நடந்து போனவ நானு. வேற என்னமோ யோசனையில ஓட்டிருப்ப, போலீசு கீலீசுன்னு அலைய வேண்டாம்னுதான் நானும் பனின்னு சொன்னேன்."

"யோசனை இல்லக்கா. எனக்குப் பக்கவாட்டுல கண்ணு தெரியாது."

அப்போதுதான் முறத்தைக் கீழே வைத்தாள். "எத்தன நாளா?"

"தெரிஞ்சு ரெண்டு வருசம்."

"அந்த ரெண்டு வருசமும் எம்புள்ள உன் பக்கத்துல, முன்சீட்டுலதான ஒக்காந்து போனா?"

நான் தலையாட்டினேன்.

"எங்கையி போனாப் போகுது. கூடிருச்சு. எம்புள்ளய மடியில கட்டிக்கிட்டுக் கெணத்தோரமா நடந்திருக்கியேடா. எந்திரி. வெளிய போ."

எழுந்து வெளியே வந்தேன். அதற்குள் பொழுது இறங்கிவிட்டது. அவர்கள் லயம் மேட்டில் இருக்கிறது, உனக்குத் தெரியும், ரோட்டுக்கு வர முப்பது படி. எனக்கு ஒரு படிகூடத் தெரியவில்லை. டார்ச் எடுத்து வர மறந்திருந்தேன். திரும்பிக் கூப்பிட வாய் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு காலால் துழாவினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளேயிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிறகு வந்து என் முழங்கையைப் பிடித்தாள். ஒவ்வொரு படியாக இறக்கி ரோட்டில் கொண்டு வந்து விட்டாள். கையை எடுத்த பிறகுதான் பேசினாள். "பதினோரு புள்ளைக. எனக்கு மட்டும் சொன்னாப் பத்தாது. ஒவ்வொரு ஊட்டுக்கும் நீயே போய்ச் சொல்லு. பெத்தவளுக கேக்குறதையெல்லாம் நின்னு கேட்டுக்க."

நேற்று நான்கு வீடு போனேன். ஒருத்தி அழுதாள். ஒருத்தி என் சட்டையைப் பிடித்தாள். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நாலாவது வீட்டில் கதவைத் திறக்கவில்லை, அங்கே மறுபடியும் போக வேண்டும். இன்று இரண்டு வீடு போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். புஷ்பமும் கூட வருகிறாள். அவளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறதாம்.

மீதியை முடித்துவிட்டு எழுதுகிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
மிக்கேல்ராஜ்